போய்ச் சேராத ‘இல்லை’

சின்னவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அவள் கணவன் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் சம்மதம் இல்லாமல் அவன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். பூட்டு உடைபடவில்லை. ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. பிள்ளையை அப்படியே திருப்பி இழுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடியவள், கீழே காவலாளியின் அறைக்குள் போய்த்தான் மூச்சு விட்டாள்.

போலீஸ் வந்தது. அவனுக்குப் பதற்றமே இல்லை.

“பூட்டுதான் சார் என்னை உள்ள விட்டுச்சு. என் போன்லதான் திறந்தேன். அவ வேண்டாம்னு நினைச்சிருந்தா பர்மிஷனை எடுத்திருப்பா இல்ல?”

அந்தக் கதவின் பூட்டுக்குச் சாவி கிடையாது. யார் யாரெல்லாம் திறக்கலாம் என்று வீட்டில் குடியிருப்பவர் தன் போனில் ஒரு செயலியில் சேர்த்துக்கொள்வார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச். பச்சை என்றால் வரலாம், சாம்பல் என்றால் வரக்கூடாது. உத்தரவு கைக்கு வந்த அன்றே கணவனின் பெயரைச் சாம்பலாக்கிவிட்டதாகச் சின்னவள் சத்தியம் செய்தாள். பூட்டு நிறுவனம் வேறு மாதிரிச் சொன்னது.

“எங்க பதிவுப்படி அனுமதி ஒரு தடவைகூடத் திரும்பப் பெறப்படலைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க.” வக்கீல் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எதிரே சின்னவள், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பெரியவள். “எதிர்ப்பக்கம் இதை வெச்சுக்கிட்டு, மனைவியே சம்மதிச்சுக் கூப்பிட்டாங்க, உத்தரவை ரத்து பண்ணுங்கன்னு கேக்கப் போறாங்க. அடுத்த வாரம் விசாரணை. உண்மை எதுவா இருந்தாலும் எனக்கு முதல்ல தெரியணும். அப்பத்தான் சமாளிக்க முடியும்.”

“உண்மையைத்தான் மேடம் சொல்றேன். இதோ பாருங்க.” சின்னவள் போனை நீட்டினாள். பெயர் சாம்பலாகத்தான் இருந்தது.

“இது எப்ப அணைச்சது? அவர் வந்ததுக்கு அப்புறமா?”

“இல்ல மேடம், உத்தரவு வந்த அன்னைக்கே.”

“ஏன் அணைச்சு வெச்சீங்க? ஒரேயடியா நீக்கியிருக்கலாமே.”

“நீங்கதானே மேடம் போன்ல எதையும் அழிக்கக்கூடாது, எல்லாம் ஆதாரம்னு சொன்னீங்க?”

வக்கீல் அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “கேக்கறாங்கல்ல, வாயைத் திறந்து சொல்லேன்டி. நீயா கூப்பிட்டியா? ரெண்டு தடவை அவன்கூடத் திரும்பிப் போனவதானே நீ.”

சின்னவள் பதிலுக்கு அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். பெரியவள் அந்த நேரம் பார்த்து வக்கீலின் மேஜைமேல் இருந்த பேனாத் தாங்கியைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

பெரியவளுக்குச் சந்தேகப்படுவதே பிழைப்பு. கணினிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும்போது விஷயத்தை ஜேசான் என்ற எழுத்து வடிவில் பொட்டலம் கட்டி அனுப்பும். பெயர், அதற்கு நேரே மதிப்பு, பெயர், மதிப்பு. அந்தப் பொட்டலத்தைக் கட்டவும் அவிழ்க்கவும் அவள் எழுதிய நிரல்தான் ‘முடிச்சு’. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். வங்கியிலிருந்து வாடகைக் கார் வரை எடுத்து வைத்திருந்தார்கள். நன்றி சொல்லி யாரும் எழுதுவதில்லை. ஓடாதபோது திட்டித்தான் எழுதுவார்கள். அவளோடு சேர்ந்து அதைப் பராமரிப்பவன் ஒருவன்தான். வேறு ஊர்க்காரன், நேரில் பார்த்ததில்லை. படத்துக்குப் பதில் ஒரு ஆந்தையைப் போட்டிருந்ததால் ‘ஆந்தை’ என்றே ஆகிப்போனான்.

வரும் பொட்டலத்தை அவிழ்ப்பதில்தான் ஆபத்து என்பது அவள் கொள்கை. அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் அடைப்பு என்று முடிவே இல்லாமல் அடுக்கி வரும் பொட்டலம் உண்டு. அவிழ்க்கப் போன கணினி மூச்சுத் திணறி விழுந்துவிடும். ஒரே பெயரை இரண்டு முறை போட்டு, முதலில் ஒரு மதிப்பும் பிறகு ஒரு மதிப்பும் சொல்லும் பொட்டலம் உண்டு. ஒருவனுக்கு ஒன்று தெரியும், அடுத்தவனுக்கு இன்னொன்று தெரியும். பார்க்கச் சாதுவாக இருப்பதை இன்னும் இரண்டு முறை தட்டிப் பார்க்க வேண்டும் என்பாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித் தட்டித் தட்டி, மனிதர்கள் பேசுவதையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

வக்கீல் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், பஸ்ஸில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அணைச்சப்ப எங்க இருந்த?”

“ஆபீஸ்ல. சாப்பாட்டு நேரம்.”

“‘நிச்சயமா?’ன்னு எதாவது கேட்டுச்சா?”

“கேக்கல. கலர் மாறுச்சு, அவ்வளவுதான்.”

கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும். “அப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களா? சாப்பாட்டு நேரம்னா யாராவது இருந்திருப்பாங்களே.”

“என்னக்கா, விசாரணையா?”

“இல்லடி. வக்கீல் கேப்பாங்கல்ல.”

“வக்கீல் கேட்டா வக்கீல்கிட்ட சொல்லிக்கறேன்.”

தன் வீட்டுக்கு அக்காவையும் கூட்டி வந்த சின்னவள் குளிக்கப் போனாள். போன் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. பூட்டுப் போட்ட போன்தான்; ஆனால் திறக்கும் எண்ணைப் பிள்ளையே பார்க்கும்போதெல்லாம் பெரியம்மாவிடம் ஒப்பிக்கும். பெரியவள் எடுத்தாள். கணவனின் பெயரில் அழைப்பு இருக்கிறதா பார்த்தாள். இல்லை. செய்தி? இல்லை. ஒன்றும் இல்லை என்று ஆறுதல் வந்திருக்க வேண்டிய இடத்தில், அவளுக்கு இன்னொரு எண்ணம் வந்தது. எதுவுமே வரவில்லையா, வந்ததை அழித்துவிட்டாளா? வெற்றிடத்தைப் பார்த்து இரண்டில் எது என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் சத்தம் நின்றதும் போனை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தாள். தங்கை மேல் கோபம் வந்தது, தன்னை இந்த வேலையைச் செய்ய வைத்துவிட்டாளே என்று.

அன்று மாலை நிறுவனத்தின் கடிதத்தின் நகலை எடுத்து மறுபடி படித்தாள். வக்கீல் அம்மா சொல்லாமல் விட்ட ஒரு வரி கடைசியில் இருந்தது. ‘இக்கடிதம் எழுதப்படும் இன்றைய தினத்திலும் மேற்படி நபரின் அனுமதி நடப்பில் உள்ளது.’

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆந்தையைக் கூப்பிட்டாள்.

“என்ன தலைவி, புதுசா எதாவது வெடிச்சிருச்சா?”

“வேற விஷயம். ஒருத்தி பொய் சொல்றான்னு வெச்சுக்க. புருஷனை அவளே உள்ள விட்டுட்டு, மாட்டிக்கிட்டதும் அவசரமா சுவிட்சை அணைச்சிருக்கா. சரியா?”

“சரி.”

“அப்படின்னா சம்பவம் நடந்த அன்னைக்கே அணைஞ்சிருக்கணும். கம்பெனி அதுக்கு நாலு நாள் கழிச்சு எழுதின லெட்டர்ல, இன்னைக்கும் பச்சையாத்தான் இருக்குன்னு சொல்றான். ஆனா அவ போன்ல சாம்பல். என் கண்ணால பார்த்தேன்.”

ஆந்தையின் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

“அப்ப அவ பொய் சொன்னாலும் கணக்கு இடிக்குது,” என்றான்.

“அதான்.”

“யாரு இது? உன் தங்கச்சியா?”

“ஆமா.”

“ஏன் தலைவி, தங்கச்சியையுமா நிரல் மாதிரி டெஸ்ட் பண்ணிப் பார்ப்ப?”

அவளுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பெரியவள் சின்னவளின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “என்னை அதுல சேர்த்துக்க,” என்றாள்.

“எதுல?”

“பூட்டுல. சேர்த்துட்டு நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்க.”

சின்னவள் ஒன்றும் புரியாமல் சேர்த்தாள். பெரியவள் வெளியே நின்று தன் போனை அழுத்தினாள். பூட்டு ஒரு சின்ன முனகலோடு திறந்தது. சரி. மறுபடி சாத்தச் சொன்னாள்.

“இப்ப என்னை அணை. நீக்காத. அவனை எப்படி அணைச்சியோ அதே மாதிரி.”

“அணைச்சாச்சு,” உள்ளேயிருந்து குரல் வந்தது. “சாம்பல் ஆயிடுச்சு.”

பெரியவள் அழுத்தினாள். பூட்டு முனகியது. கதவு தானாகக் கொஞ்சம் விலகியது. இடைவெளியில் சின்னவளின் முகம் தெரிந்தது, கையில் சாம்பல் நிறப் பெயரோடு போன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இத்தனை நாளும் இது திறந்தேதான் கிடந்துச்சா?” என்றாள் சின்னவள். “நானும் பிள்ளையும் உள்ள படுத்திருந்தோமேக்கா.”

கணவனின் பெயரை அங்கேயே ஒரேயடியாக நீக்கச் சொன்னாள் பெரியவள், ஆதாரம் போனால் போகட்டும் என்று. நீக்கியது வேலை செய்கிறதா என்றும் தன் பெயரை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். நீக்கினால் பூட்டு திறக்கவில்லை. அணைத்து மட்டும் வைத்தால் திறந்தது.

பிறகு மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, தங்கையின் போனிலிருந்து வெளியே போகும் பேச்சு அதன் வழியாகப் போகும்படி செய்தாள். தன் பெயரை மறுபடி சேர்த்துச் சுவிட்சைப் பச்சையாக்கச் சொன்னாள். திரையில் பொட்டலம் வந்து விழுந்தது.

நபர்: அக்கா. அனுமதி: ஆம்.

“இப்ப அணை.”

நபர்: அக்கா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ‘அனுமதி: இல்லை’ என்று போயிருக்க வேண்டிய இடத்தில், அனுமதி என்ற பேச்சே காணோம். வாங்கிக்கொள்ளும் பக்கம் என்ன நினைக்கும்? அனுமதியைப் பற்றி இவர்கள் எதுவும் சொல்லவில்லை, ஆகவே பழையபடியே இருக்கட்டும் என்று நினைக்கும். பழையபடி என்றால் பச்சை.

“என்ன ஆச்சு?” என்று சின்னவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீ வேண்டாம்னு சொன்னது அங்க போய்ச் சேரவே இல்ல. வழியிலேயே உதிர்ந்து போச்சு.”

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்படி உதிர்வதை அவள் இதற்கு முன் பார்த்திருக்கிறாள். செயலியைத் திறந்து, அமைப்புகள், அதற்குள் ‘எங்களைப் பற்றி’, அதற்கும் கீழே யாரும் போகாத பொடி எழுத்துப் பக்கத்துக்குப் போனாள். இந்தச் செயலியில் பயன்படும் பிறர் நிரல்களின் பட்டியல் அது. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ‘முடிச்சு.’ அதற்கு நேரே அவள் பெயர்.

முடிச்சில் ‘இறுக்கு’ என்று ஒரு வசதி உண்டு. போன்களில் டேட்டா விரயமாகிறது என்று நிறையப் பேர் புலம்பியதால் சேர்த்தது. அதைப் போட்டுவிட்டால், காலியாக இருக்கும் எதையும் பொட்டலத்தில் கட்டாது: வெற்று எழுத்து, பூஜ்யம், ‘இல்லை’ எல்லாம் அதற்குக் காலிதான். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. அவ்வப்போது யாராவது வந்து, ‘என் பூஜ்யத்தைக் காணோம்’ என்று முறையிடுவார்கள். ‘திட்டமிட்டபடிதான் இயங்குகிறது’ என்று ஒரு வரி எழுதி முறையீட்டை மூடிவிடுவது வழக்கம். அவள் மூடியதும் உண்டு, ஆந்தை மூடியதும் உண்டு. உள்ளே வருவதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள், வெளியே போவதை நம்மிடமிருந்து போவதுதானே என்று விட்டுவிட்டார்கள். எந்தப் பொட்டலத்தை இறுக்கலாம் என்று பார்த்துச் செய்யுங்கள் என்றுதான் கையேட்டில் எழுதியிருந்தார்கள். பூட்டுக்காரன் கடைசி அப்டேட்டில் மொத்தமாக எல்லாவற்றையும் இறுக்கிவிட்டிருந்தான்.

ஆந்தையிடம் சொன்னபோது அவன் முதலில் கேட்டது, “அவன் கையேடு படிக்கலையா?”

“நீ எந்தக் கையேட்டையாவது முழுசாப் படிச்சிருக்கியா?”

“அது வேற பேச்சு. இப்ப என்ன, ‘இறுக்கு’ இனிமே ‘இல்லை’யை விடக்கூடாது, அதானே? மாத்தினா எத்தனை பேர் வீட்ல எது உடையும்னு தெரியாது. அதைவிட இன்னொண்ணு இருக்கு.”

“என்ன?”

“நீ மாத்தினேன்னு வை. அடுத்த வாரம் கோர்ட்ல அவன் வக்கீல் எழுந்து, தங்கச்சியைக் காப்பாத்த அக்கா நிரலையே மாத்திட்டாங்கன்னு சொன்னா? யோசிச்சியா?”

அவள் யோசிக்கவில்லை. அவன் சொன்னது சரி. அந்த வக்கீலின் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் சந்தேகப்படுவாள். விசாரணை முடியும் வரை இருவரும் முடிச்சில் ஒரு எழுத்தையும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. உலகத்தில் இன்னும் எத்தனை கதவுகள் இப்படிக் கிடக்கின்றனவோ என்பதால், ‘இல்லை’ உதிர்கிறது, உடனே உங்கள் அமைப்பைப் பாருங்கள் என்று ஒரு எச்சரிக்கை மட்டும் ஆந்தை தன் பெயரில் வெளியிட்டான். பூட்டு நிறுவனத்துக்குப் பெரியவள் தனியாக எழுதினாள். பதில் வரவில்லை.

வக்கீல் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் கைவிரலால் மேஜையைத் தட்டினார்.

“இதை நீங்க கூண்டுல ஏறிச் சொன்னா, எதிர்ப்பக்கம் கிழிச்சுத் தொங்கவிட்டுடும். சொந்த அக்கா. அந்த நிரலை எழுதினதும் நீங்களே. பொட்டலம், முடிச்சுன்னு ஆரம்பிச்சீங்கன்னா நீதிபதி கொட்டாவி விடுவார்.”

“அப்ப?”

“கதவே வந்து சாட்சி சொல்லட்டும்.”

அப்படித்தான் நடந்தது. நீதிமன்றம் ஒரு அதிகாரியை அனுப்பியது. கணவனின் வக்கீலும் கூடவே வந்தார். முட்டி வலிக்காரரான அதிகாரி லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றி முதலில் குறைபட்டுக்கொண்டார். சின்னவள் அவரைப் பூட்டில் சேர்த்தாள். எல்லாரும் பார்க்க அணைத்தாள். அவர் வெளியே நின்று தன் போனை அழுத்தினார். கதவு திறந்தது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். மறுபடியும் திறந்தது. எதிர்ப்பக்க வக்கீல் தன் போனிலும் பார்க்க வேண்டும் என்றார். அவருக்கும் திறந்தது.

“எங்க வீட்லயும் இதே பூட்டுதாம்மா,” என்றார் அதிகாரி, தணிந்த குரலில். பிறகு யாருக்கோ போன் போட்டுக்கொண்டே மாடிப்படியில் இறங்கினார்.

இடைக்கால உத்தரவு நீடித்தது. சின்னவள் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று நீதிபதி எழுதினார். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வரக்கூடாது என்று இம்முறை கூடுதலாக ஒரு வரியும் சேர்த்தார். பூட்டு நிறுவனம் அதே வாரம் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் என்ன மாறியது என்ற இடத்தில் ‘சிறு மேம்பாடுகள்’ என்று போட்டிருந்தது. அம்மா போனில், “நான் அப்பவே நெனச்சேன், அந்தப் பூட்டுலதான் ஏதோ கோளாறுன்னு,” என்றாள். சின்னவள், “ஆமாம்மா, நினைச்சிருப்ப,” என்று சொல்லி வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் பெரியவள் பழங்கள் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். பிள்ளை அறைக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. சின்னவள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

“நீ இல்லன்னா இது வெளிய வந்திருக்காது. தெரியும்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“இரு, முடிக்கல.” ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்தாள். “நான் சொன்னப்ப நீ நம்பல. கதவு சொன்னதும் நம்பிட்ட.”

“அப்படி இல்லடி. எனக்குத் தொழில் புத்தி. யார் சொன்னாலும்...”

“யாரோ சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணா உனக்கு? அம்மா கேட்டா, கத்தினா. சரி, அவ எப்பவுமே அப்படித்தான். நீ ஒண்ணுமே சொல்லாம பேனாவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த. அதுதான் எனக்கு...” அவள் முடிக்கவில்லை. அடுத்த துணியை எடுத்தாள். “நான் குளிக்கப் போனப்ப என் போனை எடுத்துப் பார்த்தியா?”

பெரியவளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சின்னவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள்.

“உன்னைப் பூட்டுலேர்ந்து எடுத்துட்டேன்க்கா,” என்றாள். “அணைச்சு வைக்கல. எடுத்துட்டேன். நீ வரலாம். எப்ப வேணாலும் வரலாம். பெல் அடிச்சிட்டு வா.”

“சரி.”

“கோபமா?”

“இல்ல. கோபப்பட எனக்கு என்ன இருக்கு.”

பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு முனகி அடங்கியது. மாடிப்படியை நோக்கி இரண்டு அடி வைத்தவள் நின்றாள். செய்யக்கூடாது என்று தெரிந்தும், திரும்பி வந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினாள். பூட்டில் சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் இன்னும் நகரவில்லை போலிருக்கிறது.

“அழுத்திப் பார்க்கிறியா?”

“ஆமா.”

“திறக்குதா?”

“இல்ல.”

“சரி. பார்த்துப் போ, படியில லைட் எரியல.”

பெரியவள் இறங்கத் தொடங்கினாள். மேலே, உள்பக்கத்துத் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.